வால்வு எண் இருபத்தெட்டு

சிற்றாற்று நீர்ச் சபையின் ஊழியர்களில் இதுவரை ஒருவர்தான் இறந்திருக்கிறார். அவர் இறந்ததையும் சபை ஒன்பது வருடமாக ஒப்புக்கொள்ளவில்லை.

சபையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. குற்றாலத்து மலைத் தண்ணீரைப் பிடித்துக் குழாய் வழியாகத் தென்காசிப் பக்கத்துத் தெருக்களுக்குக் கொடுப்பதற்காக ஏற்பட்டது அது. ஆடி மாதம் ஐந்தருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டும்போது எங்கள் தெருக் குழாயைத் திறந்தால் காற்று வரும். அதைச் சபையின் குறை என்று நான் சொல்லமாட்டேன். காற்றும் மலையிலிருந்துதானே வருகிறது!

இறந்தவர் பெயர் நல்லகண்ணு. வால்வுக்காரர். தெருவில் இரும்பு மூடி போட்ட குழிகள் இருக்கும். மூடியைத் தூக்கி, இடுப்பு உயரச் சாவியை உள்ளே விட்டுத் திருகினால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும். 1953-ஆம் வருடம் ஒரு காலையில் குற்றாலம் ரோட்டுக் குழியில் எட்டுச் சுற்றுத் திருகியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். மிச்சம் நாலு சுற்றை வேறொருவர் தம் சாவியோடு வந்து திருகினார்.

சபையின் விதி பதினாலு இப்படிச் சொல்கிறது: "பணியிலிருந்து நீங்குகிறவர் தம் சாவியை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காதவர் நீங்கியவராகக் கருதப்பட மாட்டார்." நல்லகண்ணுவின் சாவி ஒப்படைக்கப்படவில்லை. எனவே பதிவேட்டில் அவர் பெயர் அப்படியே நின்றது. தினமும் காலை ஆறு மணிக்கு மேலாளர் வல்லிநாயகம் பிள்ளை சபை வாசலில் மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்து பெயர் வாசிப்பார். "நல்லகண்ணு" என்ற பெயரும் வரும். அதற்கு ஒரு பதிலும் வரும்.

பதில் சொன்னவன் சங்கரபாண்டி. நல்லகண்ணு இடத்துக்குப் பதிலாளாக வேலைக்கு வந்தவன். வந்த முதல் நாள், செத்தவர் பெயருக்குத் தான் எப்படிக் குரல் கொடுப்பது என்று தயங்கி நின்றான். மேலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீரு யாருவே?"

"பதிலாளுங்கய்யா."

"பதிலாள்னா பதில் சொல்லுக ஆளுதானவே? சொல்லும்."

சொன்னான். அன்றிலிருந்து ஒன்பது வருடம் சொன்னான். முதலில் "ஆஜர்" என்று இருந்தது. பிறகு எல்லாவற்றையும் தமிழில் மாற்ற வேண்டும் என்று மேலிடம் சொன்னதும் மேலாளர் ஒரு வாரம் யோசித்து "உள்ளேன் ஐயா" என்று மாற்றினார். சபையில் தமிழுக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான். அந்தத் தமிழை நல்லகண்ணு உயிரோடு இருந்த காலத்தில் சொன்னதே இல்லை.

சபைக்கு நேர் எதிரே தெருவின் அந்தப் பக்கம் ரெங்கம்மாள் வீடு. நல்லகண்ணுவின் மனைவி. சங்கரபாண்டி வேலைக்கு வந்த இரண்டாவது வாரம் அவள் அவனைக் கூப்பிட்டு, "தம்பி, அவிய இப்படி வெடுக்குன்னு சொல்ல மாட்டாவ. தொண்டை கொஞ்சம் கரகரங்கும். கடைசியில இழுத்து விடுவாவ" என்றாள். அவன் இளகிய மனசுக்காரன். மறுநாள் தொண்டையைக் கரகரத்து, இழுத்துச் சொன்னான். அதைக் கேட்டபிறகுதான் எதிர்வீட்டில் அடுப்புப் புகை எழுந்தது. அதன் பிறகு அவனுக்கு அந்தக் குரலே பழகிவிட்டது.

ரெங்கம்மாள் நெற்றியில் குங்குமம் இருந்தது. தெருப் பெண்கள் முதலில் முணுமுணுத்தார்கள். "சபையே அவிய இல்லன்னு சொல்லல. நீங்க யாரு சொல்ல?" என்று அவள் கேட்டாள். சபை எழுதியதை எதிர்த்துப் பேச எங்கள் ஊரில் யாருக்குத் தைரியம்!

சங்கரபாண்டிக்கு முப்பத்து நாலாவது வயதில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பத்து வயதில் முட்டுக்கு முட்டு வீங்கிக் காய்ச்சலில் கிடந்தவன். அது போய்விட்டது என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். நாலு சுற்றுத் திருகினால் உட்கார வேண்டியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. அவன் மனைவி உலகம்மை அவனைத் தென்காசியில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் குழலை வைத்துக் கேட்டார். திருப்பி உட்காரவைத்துக் கேட்டார்.

"இருதயத்துல ஒரு வால்வு சுருங்கிப் போச்சு. பாதிகூடத் திறக்கல. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில போய்த் திறக்கணும். வைகாசிக்குள்ள போயிரு. அதுக்கு மேல என்னால ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்.

ஒரு டாக்டர் சொன்னது சங்கரபாண்டிக்கு முழுதாகப் புரிந்தது அதுதான் முதல் தடவை.

"எத்தன சுத்துங்கய்யா?" என்று கேட்டான்.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு மேலாளர் முன்னால் போய் நின்றான். உத்தரவில்லாமல் மூன்று நாள் வராவிட்டால் பதிலாள் வேலை போய்விடும். வேலை போனபின் பிழைத்து வந்து என்ன செய்வது? போகாவிட்டால் பிழைப்பதே இல்லை. மாசி முடிந்துகொண்டிருந்தது.

மேலாளர் சீட்டை இரண்டு தடவை வாசித்தார். "வால்வு சுருங்கியுள்ளது. சென்னையில் திறக்க வேண்டும்" என்பதன் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார்.

"சபை வால்வு இருபத்தேழு. இது எத்தனாவது?"

"இது சபை வால்வு இல்லைங்கய்யா. என் நெஞ்சுல இருக்கது."

"எங்கனயும் இருந்துட்டுப் போட்டும். வால்வுக்காரரு வால்வு ரிப்பேர்னு எழுதிக் குடுத்தா அது பதிவேட்டுல ஏறணும். நெஞ்சு, நடுத்தெருன்னு விதி பாகுபாடு பாக்கல."

"எனக்கு லீவு மட்டும் போதுங்கய்யா."

"எனக்குன்னா? ஒம்ம பேருதான் பதிவேட்டுல இல்லயே! நல்லகண்ணு பேருக்குத்தான் நான் லீவு எழுத முடியும். நல்லகண்ணுக்கு நெஞ்சு சரியில்லன்னு டாக்டர்ட்ட எழுதி வாங்கிட்டு வாரும்."

"அவரு செத்து ஒம்பது வருஷமாச்சுங்களே."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் நீளமாகப் பேசப்போகிறார் என்பதற்கு அது அடையாளம்.

"சங்கரபாண்டி, நான் ஈவு எரக்கம் இல்லாதவன்னு நெனைக்காதயும். எங்கப்பா செத்த அன்னிக்கு நானும் அழுதேன். ஆறு மணிக்குப் பேரு வாசிச்சு முடிச்சிட்டுத்தான் அழுதேன். கொள்ளி வைக்க எட்டு மணிக்குத்தான் போனேன். எங்கம்மை இன்னும் எங்கிட்டப் பேசுகது கெடையாது. பேசாட்டா என்ன? உசுருக்கு ரிக்கார்டு கெடையாதுவே. சாவிக்கு இருக்கு. உசுரு போனா யாரு கேப்பா? சாவி போனா நான் பதில் சொல்லணும். நல்லகண்ணு சாவியக் கொண்டாந்து வைக்கட்டும், அவரு செத்தாருன்னு மொதல்ல சொல்லுகவன் நான்தான்."

மூன்று வாரம் போயிற்று. சீட்டு மேசைக்கு மேசை நகர்ந்தது. சங்கரபாண்டி குழிக்குக் குழி உட்கார்ந்து எழுந்தான். குற்றாலம் ரோட்டுக் குழிக்கு வரும்போதெல்லாம் அவனுக்கு எட்டாவது சுற்றில் கை நின்றுவிடும். ஏழு வரைக்கும் எண்ணுவான். எட்டு என்று சொல்ல வாய் வராது. அந்த எண்ணைச் சொல்லாமல் நேரே ஒன்பதுக்குப் போவான். பயம்தான். வேறென்ன?

கடைசியில் ஓவர்சியர் வீரபாகு வால்வைப் பார்வையிட வந்தார். கையில் சபையின் கேட்புக் கம்பி. ஒரு முனையைக் குழாய்மேல் வைத்து மறு முனையில் காதை வைத்தால் மண்ணுக்கடியில் எங்கே அடைப்பு, எங்கே ஒழுக்கு என்று சொல்லிவிடுவார். வெற்றிலை வாயோடு சங்கரபாண்டியைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, சுவரோரம் நிறுத்தி, இடது மார்பில் கம்பியை ஊன்றினார். கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் கேட்டார். வெற்றிலையை மெல்லுவது நின்றது.

"ஏலே, உஸ்ஸுன்னு சீறுதேடே. முக்காவாசி அடைச்சுக் கெடக்கு. இத வச்சுக்கிட்டா இவ்வளவு நாளும் குழி குழியாத் திரிஞ்ச?" என்றார். பிறகு கம்பியைத் துடைத்துக்கொண்டு, "இதே சத்தத்த நான் ஒரு தரம் கேட்டிருக்கேன். நல்லகண்ணுட்ட. வெளையாட்டுக்கு வச்சுப் பாத்தேன். சொல்லாம விட்டுட்டேன்" என்றார்.

அந்த மனிதர்தான் வழி கண்டுபிடித்தார். ஆளுக்கு லீவு கொடுக்க விதியில்லை. ஆனால் பழுதான வால்வை வெளியூர் கொண்டுபோக விதியிருக்கிறது. ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. "வால்வு எண் 28-ஐப் பதிலாள் சங்கரபாண்டி தம் சொந்தப் பொறுப்பில் சென்னைக்கு எடுத்துச் சென்று, திறந்து, சேதமில்லாமல் திருப்பிக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டியது. வழியில் வால்வு தொலைந்துபோனால் பதிலாளே பொறுப்பு." கூடவே 28 என்று அடித்த ஒரு தகரத் துண்டும் வந்தது. வால்வில் நிரந்தரமாகப் பொருத்த வேண்டுமாம். உலகம்மை அதில் ஓட்டை போட்டு, மஞ்சள் கயிற்றில் கோத்து, ஆய்க்குடி முருகனை நினைத்து அவன் கழுத்தில் கட்டினாள்.

புறப்படும் அன்று ரெங்கம்மாள் வந்தாள். மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

"எத்தன நாளு வரமாட்ட?"

"ரெண்டு மாசம் ஆவும் மதினி. மூணும் ஆவலாம்."

"அதுவரைக்கும் காலையில யாரு சொல்லுவா?"

"கூட வேலை பாக்க மாடன்ட்டச் சொல்லிட்டுப் போறேன்."

"மாடன் சொன்னா மாடன் சத்தமால்ல கேக்கும்? எனக்கு அது வேண்டாம். நீ வந்துருவல்ல? வந்து நீயே சொல்லு. அவியளும் இப்படித்தான் மூச்சு வாங்கிட்டு, செத்த நேரம் நின்னுட்டு வாறேன்னுட்டுப் போனாவ."

உலகம்மைக்கு இது பிடிக்கவில்லை. உள்ளே போய்ப் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

சென்னை ஆஸ்பத்திரியில் அவனைப் பதினெட்டு நாள் தயார் செய்தார்கள். உப்பில்லாத சோறு. தினம் ஒரு ஊசி. படுத்திருப்பதும் ஒரு வேலை என்று அங்கேதான் தெரிந்துகொண்டான். உலகம்மை ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தலை சுற்றி, அவன் கட்டிலிலேயே படுத்தாள். ஒரு தாளில் அவளிடம் கைநாட்டு வாங்கினார்கள். "செத்தாச் சம்மதம்னு எழுதி வாங்குதாவ. நம்ம ஊருல செத்ததையே ஒத்துக்கிட மாட்டேங்காவ, இங்கன முன்னாடியே ஒத்துக்கிடச் சொல்லுதாவ" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். முடியாமல் அழுதாள்.

அறுவை செய்யப்போகும் பெரிய டாக்டர் ஒரு நாள் வந்தார். குட்டையான, அமைதியான மனிதர். "விலாவைத் திறந்து, இருதயத்துக்குள்ள ஒரு விரலை விட்டு, வால்வைத் திறந்துவிடுவேன்" என்று சொல்லி ஆள்காட்டி விரலைக் காட்டினார். சங்கரபாண்டி அந்த விரலையே பார்த்தான். நகம் ஒட்ட வெட்டியிருந்தது. இடுப்பு உயரச் சாவியோடு ஒன்பது வருடம் அலைந்தவனுக்கு, இத்தனூண்டு சாவியா என்று இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் கடையநல்லூர் மசூது. அவனுக்கும் இதே வால்வுதான். இரண்டு பேரும் சாரலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். திங்கள்கிழமை மசூதைத் தள்ளிக்கொண்டு போனார்கள். செவ்வாய்க்கிழமை காலை நர்ஸ் வார்டில் பெயர் வாசித்தாள். "மசூது" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. இன்னொரு நர்ஸ் அருகில் வந்து காதில் ஏதோ சொன்னாள். அவள் பேனாவை எடுத்து அந்தப் பெயரின்மேல் ஒரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள். சங்கரபாண்டி எழுந்து உட்கார்ந்துவிட்டான். சாவி கேட்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கோடு, அவ்வளவுதான். அவனுக்கு அது கொடுமையாகவும் இருந்தது, பெரிய நிம்மதியாகவும் இருந்தது. எது அதிகம் என்று அவனால் சொல்ல முடியவில்லை.

வியாழக்கிழமை அவன் முறை. மார்பை மழித்தார்கள். கழுத்துத் தகரத்தை நர்ஸ் கழற்றி உலகம்மை கையில் கொடுத்தாள். முகத்தில் மூடியை வைத்து, மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள்.

யாரோ இரும்பு மூடியைத் தூக்கியது போலிருந்தது. கீழே குற்றாலம் ரோட்டுக் குழி. நல்லகண்ணு சாவியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது.

"ஏலே, நீதானா அது?" என்றார்.

"எது அண்ணாச்சி?"

"தெனமும் ஆறு மணியானா என் பேரச் சொல்லி எவனோ கூப்பிடுதான். எவனோ எனக்குப் பதிலா இருக்கேங்கான். நான் எந்திரிக்க வேண்டியதிருக்கு. இப்பத்தான் கண்ண மூடுனேன்னு இருக்கும், அதுக்குள்ள ஆறு மணி. ஒம்பது வருஷமாத் தூக்கமில்லலே."

குழிக்குள் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது.

அறுவை முடிந்தது. வால்வு நன்றாகத் திறந்துவிட்டது என்றார் டாக்டர். ஆனால் நேரமாகியும் ஆள் விழிக்கவில்லை. "சங்கரபாண்டி! சங்கரபாண்டி!" என்று நர்ஸ் கூப்பிட்டாள். கன்னத்தில் தட்டினாள். டாக்டர் கூப்பிட்டார். இமை அசையவில்லை. வெளியே நின்ற உலகம்மையைக் கூப்பிட்டு, "உங்க குரலைக் கேட்டா முழிக்கலாம், கூப்பிடுங்க" என்றார்கள். புருஷன் பேரை வாயால் சொல்லாத ஊர் எங்களுடையது. அவள் அன்று அதையும் சொன்னாள். பயனில்லை.

அவள் வெகுநேரம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நர்ஸிடம், "நல்லகண்ணுன்னு கூப்பிட்டுப் பாருங்கம்மா" என்றாள்.

"அது யாரு?"

"கூப்பிடுங்க. அதட்டிக் கூப்பிடுங்க. ஆபீசுல கூப்பிடுக மாதிரி."

நர்ஸ் கூப்பிட்டாள்.

கட்டிலில் கிடந்தவன் கண்ணைத் திறக்காமலே, கரகரத்த குரலில், கடைசியில் இழுத்து, "உள்ளேன் ஐயா" என்றான்.

டாக்டர்கள் சிரித்துவிட்டார்கள். உலகம்மை சிரிக்கவில்லை. கையிலிருந்த தகரத்தை இறுக்கிக்கொண்டாள்.

கட்டிலுக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பாட்டில். அவன் விலாவிலிருந்து ஒரு குழாய் அதற்குள் போயிற்று. மூச்சு விடும்போதெல்லாம் பாட்டில் தண்ணீர் ஏறி இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் கிடந்தான். இருமச் சொன்னார்கள், இருமினால் விலா பிளப்பது போலிருந்தது. இருமினான். பத்தாம் நாள் நடக்கச் சொன்னார்கள். வார்டு நீளத்துக்கு நடந்தான். நின்று மூச்சு வாங்கக் காத்திருந்தான். வாங்கவில்லை. அப்போதுதான் அழுதான்.

ஆனி மாதம் ரயிலில் திரும்பினார்கள். தென்காசி நெருங்கும்போது ஜன்னலில் சாரல் அடித்தது. உலகம்மை அவன் மேல் போர்வையை இழுத்துவிட்டாள்.

"ஒண்ணு சொல்லுதேன், கேப்பீகளா? இனிமே அந்தப் பேருக்குப் பதில் சொல்லப்பிடாது."

"மதினி காத்துக்கிட்டு இருப்பாவட்டி."

"இருக்கட்டும். ஒங்க பேரச் சொல்லி நான் கூப்பிட்டேன், நீங்க வரல. செத்தவரு பேருக்குல்லா வந்தீக? இன்னொரு தரம் அந்தப் பேரு கூப்பிட்டு, நீங்க அந்தப் பக்கமா எந்திரிச்சுப் போயிட்டா நான் எந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுவேன்?"

அவன் கழுத்தில் தகரம் திரும்பத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டான். குழியில் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை.

வால்வை ஒப்படைக்கப் போனபோது மேலாளர் முதலில் கேட்டது, கழற்றிய பழைய பாகம் எங்கே என்பதுதான்.

"கழத்தலைங்கய்யா. விரல விட்டுத் திறந்துட்டாவ."

"விரலா? சபைச் சாவியத் தவிர வேற எதை வச்சும் வால்வத் திறக்கப்பிடாதுன்னு விதி இருக்கே! மெட்ராஸ்காரனுக்கு விதி தெரியாட்டா நீருல்லவே எடுத்துச் சொல்லணும்?"

"நான் மயக்கத்துல இருந்தேங்கய்யா."

"பணி நேரத்துல மயக்கமா?" என்று அதையும் குறித்துக்கொண்டார்.

வீரபாகு கம்பியை எடுத்துக்கொண்டு வந்தார். தழும்பைப் பார்த்ததும் கம்பியைக் கீழே வைத்துவிட்டு நேராகக் காதையே மார்பில் வைத்தார். "லொடக்கு, லொடக்குன்னு புது வால்வு மாதிரி ஓடுதுடே" என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திருப்தி" என்று எழுதினார்.

இதோடு முடிந்தது என்று நீங்கள் நினைத்தால் சபையை உங்களுக்குத் தெரியவில்லை. சபையின் எந்த வால்வையும் தலைவர்தான் திறந்து வைக்க வேண்டும். குற்றாலத்தில் சபையின் விடுதியில் பந்தல் போட்டார்கள். தலைவர் முத்துக்குமாரசாமி அருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். சங்கரபாண்டியை மேடையில் உட்காரவைத்து, சட்டையைக் கழற்றி, வலது தோளிலிருந்து இடது விலாவுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். முடிச்சு தழும்பின்மேல் உறுத்தியது.

"பெரியோர்களே!" என்று தலைவர் ஆரம்பித்தார். "நான் தலைவரான பிறகு பதினொரு வால்வுகளைத் திறந்து வைத்திருக்கிறேன். பதினொன்றிலும் தண்ணீர் வரவில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். திறந்து வைப்பது என் கடமை. வருவது தண்ணீரின் கடமை. என் கடமையில் நான் தவறியதுண்டா? ஆனால் இந்த வால்வு, நான் திறப்பதற்கு முன்பே ஓடிக்கொண்டிருக்கிறது. இது ஒழுங்கீனம். இருந்தாலும் ஏழை ஊழியர் என்பதால் மன்னிக்கிறேன். கல்வெட்டு வைக்க நெஞ்சில் இடம் போதாது என்று ஓவர்சியர் சொல்கிறார். அடுத்த ஊழியரையாவது அகலமான நெஞ்சுள்ளவராகப் பார்த்து எடுக்க வேண்டும்."

கைதட்டினார்கள். தலைவர் கத்தரிக்கோலை வாங்கினார். குளிர்ந்த இரும்பு தழும்பில் பட்டபோது சங்கரபாண்டி மூச்சை நிறுத்திக்கொண்டான். உள்ளே அந்த விரல் இன்னும் இருக்கிறது என்று தோன்றியது. எடுக்க மறந்து போய்விட்டார்கள், அதுதான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ரிப்பன் அறுந்தது. விரல் அசையவில்லை. தலைவர் அவனைப் பார்த்து, "இனிமே தண்ணி ஒழுங்கா வருமாடே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வேலையில் சேர்ந்தான். வரிசையில் நின்றான். சாரல் தூறிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு வாசலில் ரெங்கம்மாள், கையில் குடத்தோடு. மூன்று மாதமாக அவள் வெளியே வரவேயில்லை என்றும், மாடன் பதில் சொல்லும்போது கதவைச் சாத்திக்கொள்வாள் என்றும் சொன்னார்கள். இன்றைக்குத் தலைவாரி, குங்குமம் வைத்து நின்றாள். கழுத்தைச் சற்றே சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லகண்ணு" என்றார் மேலாளர்.

சங்கரபாண்டிக்குத் தொண்டை தானாகவே கரகரத்துக்கொண்டு எழுந்தது. வாயை இறுக்க மூடிக்கொண்டான்.

"நல்லகண்ணு!"

அவளைப் பார்க்கக் கூடாது என்று தரையைப் பார்த்தான். பார்த்தால் சொல்லிவிடுவான். சிவந்து வீங்கிய அந்த இரண்டு கண்ணையும் நினைத்துக்கொண்டான். தூங்கட்டும். ஒரு நாளாவது ஆறு மணிக்கு மேல் தூங்கட்டும்.

"ஏம்வே, காது கேக்கலயா? நல்லகண்ணு!"

தூறல் தகரக் கூரையில் விழும் சத்தம் மட்டும். எதிர்வீட்டு வாசலில் குடம் இறக்கி வைக்கப்பட்டது. ரெங்கம்மாள் உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது அவள் கையில், பழைய துண்டில் சுற்றிய நீளமான ஒன்று இருந்தது. குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள். மேலாளர் மேசைமேல் வைத்துத் துண்டைப் பிரித்தாள். சாவி. நல்லகண்ணுவோடு குழியிலிருந்து வீட்டுக்கு வந்தது. ஒன்பது வருடமும் துரு ஏறாமல், எண்ணெய் போட்டு வைத்திருந்தாள்.

"இந்தாங்க. அவிய இனிமே வரமாட்டாவ" என்றாள்.

சங்கரபாண்டி பக்கம் திரும்பினாள். அவன் திட்டு வாங்கத் தயாராக நின்றான்.

"நீ பிழைச்சு வந்துட்ட. அது போதும். அவியட்ட அன்னிக்கே யாராவது சொல்லியிருந்தா, இப்படி ஒரு விரல் கெடைச்சிருந்தா..." அவ்வளவுதான் சொன்னாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். நன்றாக, இரண்டு தடவை துடைத்தாள். பிறகு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாசலோரம் நின்ற வீரபாகு தலை நிமிரவே இல்லை.

மேலாளர் சாவியைத் தூக்கிப் பார்த்தார். எண்ணைச் சரி பார்த்தார். "இன்று காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு நல்லகண்ணு இறந்தார்" என்று பதிவேட்டில் எழுதினார். சாவியை ஒன்பது வருடம் தாமதமாகத் தந்ததற்கு விளக்கம் கேட்டு நல்லகண்ணுவுக்கு ஒரு கடிதமும் போட்டார். வாங்கிக்கொள்ள ஆளில்லாததால் அதைக் குற்றாலம் ரோட்டுக் குழியின் மூடியில் ஒட்டினார்கள். மழையில் அன்றைக்கே கரைந்துவிட்டது.

மறுநாள் காலை பதிவேட்டில் புதுப் பெயர் ஏறியிருந்தது.

"சங்கரபாண்டி" என்று மேலாளர் வாசித்தார்.

வேறு யாரோ பதில் சொல்வார்கள் என்பது போல அவன் கொஞ்சம் காத்திருந்தான். பிறகு சொன்னான்: "உள்ளேன் ஐயா."

மேலாளர் சட்டென்று நிமிர்ந்தார். "இது நல்லகண்ணு சத்தம்லா? அவருதான் நேத்தே இறந்தாச்சே! செத்த ஆளு சத்தத்துல பதில் சொன்னா நான் எப்படிவே எழுத? ஒம்ம சொந்தச் சத்தத்துல சொல்லும்."

சங்கரபாண்டி வாயைத் திறந்தான். சொந்தச் சத்தம் எது? ஒன்பது வருடத்துக்கு முன்னால் இந்த இடத்தில் நின்று தயங்கினானே ஒருவன், அவனுடைய குரல் எப்படி இருந்தது? தேடிப் பார்த்தான். தொண்டையில் அது இல்லை. எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அடுப்புப் புகை எழவில்லை. வலது கையைத் தூக்கித் தழும்பின்மேல் வைத்துக்கொண்டான். உள்ளே அது லொடக்கு லொடக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

"இருக்கேன்" என்றான்.

"என்னது?"

"இருக்கேங்கய்யா. உசுரோட இருக்கேன்."

மேலாளர் பேனாவைப் பிடித்தபடியே யோசித்தார். அப்படி ஒரு வார்த்தை சபையில் கிடையாது. எனவே அன்றைய தேதியில் அவன் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டு அடுத்த பெயரை வாசித்தார். சங்கரபாண்டி, எண்ணெய் மணம் போகாத அந்தச் சாவியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குற்றாலம் ரோட்டுக் குழிக்கு நடந்தான். மூடியைத் தூக்கினான். ஒன்று, இரண்டு என்று எண்ணித் திருகினான். எட்டு என்று வாய்விட்டுச் சொன்னான்.